பிடியும் அலகும்

அலகு மாற்றத்தக்க சவரக் கருவி என்பது இரண்டு பொருள்கள் சேர்ந்து ஒரு பெயர் பெற்ற கருவியாகும். அவற்றுள் ஒன்று பிடி. அது கையில் நிலைத்திருப்பது, ஆண்டுக்கணக்கில் உழைப்பது, சில வீடுகளில் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. மற்றொன்று அலகு, அதாவது பேச்சு வழக்கில் பிளேடு எனப்படும் மெல்லிய எஃகுத் தகடு. அது சில நாள் உழைத்து, முனை மழுங்கியதும் எறியப்படுவது. தமிழில் அலகு என்ற சொல் கத்தியின் வெட்டும் பகுதியையும், பறவையின் மூக்கையும், அளவைக்குரிய கூறையும் குறிப்பதோடு, தைப்பூசத்தன்று முருகனடியார் தம் நாவிலும் கன்னத்திலும் குத்திக்கொள்ளும் சிறு வேலையும் குறிக்கும் என்பது, மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் அந்நாளைக் கண்ட எவருக்கும் தெரிந்ததே. உடலோடு இவ்வளவு நெருங்கிய ஒரு சொல்லால் அழைக்கப்படும் கருவியில், நிலைப்பது எது, மாறுவது எது, இரண்டில் எதற்கு அந்தக் கருவியின் பெயர் உரியது என்ற வினா இயல்பாகவே எழுகிறது. அது இந்திய மெய்யியல் மரபுகள் உடலையும் உயிரையும் குறித்து நெடுங்காலம் வாதிட்ட வினாவேயாகும்.

வினாவுக்குள் நுழையுமுன் கருவியின் அமைப்பை அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் இதில் உவமை சொல்பவர்கள் பெரும்பாலும் அமைப்பைப் பார்க்காமலேயே உவமை சொல்லிவிடுகிறார்கள். இருபுறமும் முனையுள்ள பிளேடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனமே உடையது. தனியே எடுத்தால் அது விரலிடையே வளையும். அதைக் கொண்டு ஒருவர் தம் விரலை அறுத்துக்கொள்ளலாமே தவிர, ஒழுங்காகச் சவரம் செய்துகொள்ள முடியாது. பிடியின் தலைப்பகுதியில் மேல்மூடி ஒன்றும் பல்வரிசை போன்ற கீழ்த்தட்டு ஒன்றும் உள்ளன. கைப்பிடியைத் திருகும்போது இவை இரண்டும் நெருங்கி, இடையிலுள்ள தகட்டை ஒரு வில்லைப் போல வளைத்துப் பிடிக்கின்றன. அந்த வளைவே தகட்டுக்கு விறைப்பைத் தருகிறது. கீழ்த்தட்டு தோலை நீவி, முனை எவ்வளவு வெளியே நீளலாம், எந்தக் கோணத்தில் முடியைத் தொடலாம் என்பதை வரையறுக்கிறது. ஆகவே வெட்டும் ஆற்றல் அலகில் முழுமையாக இல்லை, பிடியில் அறவே இல்லை. இரண்டும் இறுகிய நிலையில் பிறக்கும் அந்த வளைவில்தான் அது தோன்றுகிறது.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்ததன்று. அமெரிக்காவில் கேம்ப்ஃபே சகோதரர்கள் 1880இல் காப்புரிமை பெற்ற கருவியில் தோலைக் காக்கும் தடுப்பு இருந்தது. ஆனால் அதில் பொருத்தப்பட்ட அலகு கனத்த எஃகால் அடிக்கப்பட்டது, அவ்வப்போது கழற்றித் தீட்டப்பட வேண்டியது. அதாவது பிடியும் அலகும் முதலில் பிரிந்தபோது, எறிதல் என்னும் எண்ணம் அங்கே இல்லை. அவ்வெண்ணத்தைக் கொண்டுவந்தவர் கிங் கேம்ப் ஜில்லெட். ஒருமுறை பயன்பட்டு எறியப்படும் புட்டிமூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டரின் நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்த அவர், 1895இல் எறியத்தக்க அலகைக் கற்பனை செய்தார். அவ்வளவு மெல்லிய தகட்டைப் பதப்படுத்தி முனையிடும் வழியைப் பொறியாளர் வில்லியம் நிக்கர்சன் கண்டறிய, 1903இல் விற்பனை தொடங்கி அவ்வாண்டில் 51 கருவிகளும் 168 அலகுகளும் விற்றன. 1904இல் காப்புரிமை கிடைத்தது. எறியும் பண்டத்தால் பெருஞ்செல்வம் சேர்த்த இதே மனிதர்தான், 1894இல் வெளியிட்ட ஒரு நூலில், போட்டி வணிகமே உலகத் துன்பத்தின் வேர் என்றும், மக்கள் அனைவரும் பங்குடைய ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் ஆக்கி, நயாகரா அருவியின் மின்னாற்றலால் இயங்கும் ஒரே மாநகரில் மனிதர் வாழ வேண்டும் என்றும் கனவு கண்டவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. நிலையான ஓர் அமைப்பு, அதில் வந்து போகும் எண்ணற்ற கூறுகள் என்ற ஒரே வடிவம் அவருடைய நகரத்திலும் சவரக் கருவியிலும் இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி உவமைக்கு வருவோம். பழைய ஆடையைக் களைந்து புதியதை உடுப்பது போல உயிர் பழைய உடலை நீக்கிப் புதிய உடலை அடைகிறது என்பது பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயம் கூறும் கருத்து. திருக்குறளின் நிலையாமை அதிகாரமும் முட்டைக்கூட்டை விட்டுப் பறவை பறந்துபோவதை உடலுயிர் உறவுக்கு ஒப்பாகச் சொல்கிறது. இவ்வழியில் சிந்திப்பவர் உடனே பிடியை உயிர் என்றும் அலகை உடல் என்றும் வைத்து, தேய்ந்தது எறியப்படும், பிடித்திருப்பது நிலைக்கும் என்று முடித்துவிடுவர். சொற்பொழிவுக்கு இது வசதியான உவமை. ஆனால் இந்த ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது. பிடி நூறு அலகுகளைக் கண்ட பின்னும் முதல் நாளில் இருந்தபடியே இருக்கிறது. எந்த அலகிலிருந்தும் அது எதையும் கற்பதில்லை, எதையும் இழப்பதில்லை, முதிர்வதும் இல்லை. கெடாவின் தமிழர் பெரும்பாலும் வழிவழியாகச் சார்ந்துள்ள சைவ மரபின் உயிர்க் கொள்கையோ இதற்கு நேர் எதிரானது.

சைவ சித்தாந்தம் இறை, உயிர், தளை என்னும் மூன்றையும் தொடக்கமற்ற பொருள்களாகக் கொள்கிறது. இவற்றையே பதி, பசு, பாசம் என்பர். உயிரை மறைத்து நிற்கும் ஆணவம் என்னும் மலம், அதாவது அழுக்கு, செம்பில் களிம்பு போல உயிரோடு என்றும் இருந்துவருவது. அதைப் பக்குவப்படுத்தி நீக்குவதற்காகவே இறைவன் உயிருக்குத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கைத் தருகிறான். தனு என்பது உடல், கரணம் என்பது மனம் முதலிய உட்கருவிகள், புவனம் என்பது வாழும் உலகம், போகம் என்பது நுகரும் பொருள்கள். இவற்றுக்கு மூலமான மாயையும் ஒரு மலமேயானாலும், வண்ணான் துணியின் அழுக்கைச் சாணத்தையும் உவர்மண்ணையும் கொண்டே நீக்குவதுபோல, ஒரு மலத்தால் மற்றொரு மலம் கழுவப்படுகிறது என்பது சித்தாந்த நூல்கள் விரும்பிக் கையாளும் விளக்கம். இக்கொள்கைப்படி பிறவிதோறும் மாறும் உடல் வெறும் மாற்றுத் தகடன்று. அது உயிர் உரைக்கப்படும் கல். மாறிமாறி வருவன சாணைக்கற்கள். உரைசலில் களிம்பு நீங்கி ஒளி பெற வேண்டியது உயிர் என்னும் எஃகு. அலகு மாற்றும் கருவியை விட்டு, அதற்கு முன் வழங்கிய சவரக்கத்தியைக் கையில் எடுத்தால்தான் சித்தாந்தத்துக்குப் பொருந்தும் உவமை கிடைக்கிறது.

அந்தப் பழைய கத்தியில் பிடியும் அலகும் பிரிவதில்லை. நாவிதர் அதைக் கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து, உள்ளங்கையில் ஒருமுறை பதம் பார்த்துப் பின்னர் தலையில் வைப்பார். ஒவ்வொரு தீட்டலிலும் அது கூர்மை பெற்றது, ஒவ்வொரு தீட்டலிலும் சிறிது குறைந்தது. கூர்மைக்கான விலையைத் தன் உடலிலிருந்தே கொடுத்தது. கட உபநிடதம் மெய்யுணர்வின் வழியைச் சவரக்கத்தியின் முனைக்கு ஒப்பிடுவது பலரும் அறிந்தது; அங்கே அந்த முனைக்குத் தீட்டப்பட்டது என்று பொருள்படும் அடைமொழி சேர்ந்திருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கடப்பதற்கு அரியது என்ற அச்சத்தோடு, ஒருவர் அமர்ந்து தீட்டியது என்ற உழைப்பும் அவ்வுவமைக்குள் இருக்கிறது. கடையில் தாளுறை பிரித்து எடுக்கப்படும் அலகு கடப்பதற்கு அரியதாக இருக்கலாம், ஆனால் பயன்படுத்துபவர் தீட்டியது அன்று.

தீட்டும் இரும்பைக் கெடா தோட்டத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூலிம், பீடோங், பாடாங் செராய் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் மரம் சீவியவர்களின் வாழ்க்கை முழுவதும் ஒரு வளைந்த கத்தியின் முனையில் நடந்தது. விடியலுக்கு முன் பிரட்டு எனப்படும் வருகைப் பதிவில் பெயர் கொடுத்துவிட்டு, தலைவிளக்கின் ஒளியில் மரத்துக்கு மரம் போய், முந்திய வெட்டின் அடியிலிருந்து மெல்லிய பட்டைச் சுருளைச் சீவியெடுக்கும் அந்த வேலை, மயிரிழை அளவில் சவரத்துக்கு மிக நெருங்கியது. ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிகுந்து பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகும். கத்தி மழுங்கினாலோ பட்டை நைந்துபோகும். ஆகவே தீட்டுதல் என்பது வேலைக்கு முன்னுரையாக இல்லாமல் வேலையின் பாதியாகவே இருந்தது. இங்கும் இரும்பு தேய்ந்தது, கை தேர்ந்தது. ஒன்று குறைய ஒன்று கூடியது. இந்த உறவுக்கு அலகு மாற்றும் கருவியில் இடமே இல்லை என்பதுதான் மெய்யியல் நோக்கில் அதன் பெரிய குறை.

எனினும் நிலைத்த பிடி என்று ஒன்று இருக்கிறதா என்பதையே மறுத்த மரபுகளும் உண்டு. நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் மிலிந்தன் என்னும் யவன அரசனுக்கும் நடந்த உரையாடலாக அமைந்த பாலி நூல், தேர் என்பது அச்சு, சக்கரம், நுகம் ஆகியவற்றின் சேர்க்கைக்கு இட்ட பெயரேயன்றி, அவற்றுக்கு அப்பால் தேர் என்று தனியே ஒன்றில்லை என்று காட்டுகிறது. அவ்வாறே பிடியிலும் மூடி, தட்டு, கைப்பிடி என்று மூன்று உறுப்புகள் உள்ளன. மூடியை ஒருமுறையும் கைப்பிடியை மற்றொரு முறையும் மாற்றியவருக்குப் பழைய பிடி எங்கே போயிற்று என்று காட்ட இயலாது. நியாய வைசேடிகர் இதற்கு வேறு விடை சொன்னார்கள். உறுப்புகளின் வேறாக உறுப்பி, அதாவது முழுப்பொருள், உண்மையிலேயே உண்டு என்பது அவர்கள் கொள்கை. ஆனால் ஓர் உறுப்பை நீக்கினால் அந்த முழுப்பொருள் அழிந்து, எஞ்சியவற்றிலிருந்து வேறொரு முழுப்பொருள் பிறக்கும் என்றும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இதன்படி ஒவ்வொரு முறை அலகு மாற்றும்போதும் பழைய சவரக் கருவி இறந்து, புதியது பிறக்கிறது. அதே கருவி என்று நாம் சொல்வது ஒப்புமையால் வந்த வழக்கு. பொருள்களின் உண்மையைக் காக்கப் புறப்பட்டவர்கள் கடைசியில் பௌத்தரின் வாசலுக்கு அருகிலேயே வந்து நிற்கிறார்கள் என்று இதைப் படிப்பவருக்குத் தோன்றலாம்.

தமிழ் வீடுகளோ இந்த வாதத்தில் இறங்காமல், வழக்கத்தாலேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டன. விளக்கில் திரி மாறும், எண்ணெய் மாறும், விளக்கு மாறாது. ஆடிப்பெருக்கன்று தாலிக்கயிறு மாற்றப்படும். பழைய கயிறு நீக்கப்பட்ட பிறகும் தாலி அதே தாலிதான். அங்கே பெயரைத் தாங்கி நிற்பது பொன்னா, மஞ்சள் கயிறா என்று கேட்டால், பொன் வாங்க வசதியில்லாத வீட்டில் மஞ்சள் கிழங்கைக் கட்டிய கயிறும் தாலியே என்ற விடை வரும். ஆகவே நிலைத்திருப்பது கயிறும் அன்று, பொன்னும் அன்று. கட்டியதன் வழியாக ஏற்பட்ட உறவு. சவரக் கருவியின் வளைவைப்போல, அதுவும் இரண்டு பொருள்கள் இறுகிய நிலையில் மட்டும் உள்ளது.

கெடா மண்ணில் இந்த வினா புதியதன்று. ஜெராய் மலையின் அடிவாரத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் சைவ, பௌத்த இடிபாடுகள் அருகருகே கிடைத்துள்ளன. அதே வட்டாரத்தில் மூடா ஆற்றை ஒட்டிய புக்கிட் மெரியாமில், 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்னும் பிரித்தானிய அதிகாரி, சிறு செங்கற்கட்டடம் ஒன்றின் இடிபாட்டில் வடமொழி வாசகம் பொறித்த கல்லொன்றைக் கண்டார். ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லின் வாசகம் பிறவியின் பொறியமைப்பை மிகச் சுருக்கமாகச் சொல்கிறது. அறியாமையால் வினை குவிகிறது, வினை பிறவிக்குக் காரணமாகிறது, அறிவு வந்தால் வினை செய்யப்படுவதில்லை, வினை இல்லாவிடில் பிறவி இல்லை என்பது அதன் கருத்து. கடல் கடந்து வந்த மகாநாவிகன் புத்தகுப்தனின் கல்லிலும் இதே வாசகம் காணப்படுகிறது. அக்கல் இன்று கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது. இவ்வாசகத்தில் உயிர் என்ற சொல்லே தேவைப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. யார் பிறக்கிறார் என்று அது கேட்கவில்லை. எதனால் மீண்டும் ஓர் அலகு பொருத்தப்படுகிறது என்று மட்டுமே கேட்கிறது. காரணத்தைத் தேடும்போது கண் பிடியையும் அலகையும் விட்டு, ஓயாமல் வளரும் மயிரின்மேல் விழுகிறது.

அதே பள்ளத்தாக்கின் சுங்கை பத்து என்னுமிடத்தில், 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிவந்தன. அவற்றின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் உலைக்குள் காற்றை ஊதப் பயன்பட்ட சுடுமண் குழாய்கள் ஏராளமாக உடைந்து குவிந்து கிடக்கின்றன என்பதில் வேறுபாடில்லை. நெருப்பில் முனை உருகிய குழாயை எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துவதே உலைக்காரரின் வழக்கம். நெருப்பைத் தொடும் பகுதியை மட்டும் மலிவாகவும் மாற்றத்தக்கதாகவும் வைப்பது ஜில்லெட்டுக்கு முன்பே இந்த ஆற்றங்கரையில் தெரிந்திருந்தது.

தொடும் பகுதியை எறிவது என்ற இந்த ஏற்பாடுதான் சவரக் கருவியைச் சமயத்தோடு நேரடியாக இணைக்கிறது. இந்துச் சடங்கு வழக்கில் தூய்மை என்பது பெரிதும் தொடுதலைப் பற்றியது. முகர்ந்த பூவும் கடித்த கனியும் தெய்வத்துக்கு ஆகா. உண்ட வாழையிலை எச்சில், அது கழுவப்படுவதில்லை, எறியப்படுகிறது. அப்படியிருந்தும் முடி காணிக்கை செலுத்தும் இடங்களில் நெடுங்காலம் ஒரே கத்தி தலைக்குத் தலை தீட்டிப் பயன்படுத்தப்பட்டது. இரத்தத்தால் பரவும் நோய்களைப் பற்றிய அறிவு 1980களுக்குப் பின் பெருகியபோதுதான், தலைக்கொரு புதிய பிளேடு என்னும் முறை, பழனி, திருமலை போன்ற பெருந்தலங்களிலும், சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் ஆலயத் தைப்பூசத்தைப் போன்ற விழாக்களிலும் இயல்பானதாயிற்று. நாவிதர் பிளேடை உறையோடு நெடுக்காக இரண்டாக ஒடித்து, ஒரு பாதியை மடிப்புப் பிடியில் செருகுகிறார். பிடி பழைய சவரக்கத்தியின் வடிவில் இருக்கிறது, அலகு மட்டும் நேர்த்திக்கடன் செலுத்த வந்தவருக்கென்றே பிரிக்கப்பட்டது. மருத்துவர் சொன்ன தூய்மையும் சாத்திரம் சொன்ன தூய்மையும் வெவ்வேறு காரணங்களைக் கூறி ஒரே எஃகுத் துண்டில் வந்து சேர்ந்தன.

இதில் சமூகத்துக்குக் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. சவரம் குலத்தொழிலாக விதிக்கப்பட்ட ஊர்களில், மயிரையும் இரத்தத்தையும் தொடும் தீட்டு, கருவியில் நிற்காமல் அதைப் பிடித்த மனிதர்மேலும் அவர் பிள்ளைகள்மேலும் ஏற்றப்பட்டது. பிறந்த குழந்தைக்கு முதல் முடி இறக்கவும், இறந்தவரின் மகனுக்குத் தலை மழிக்கவும் அவர் இன்றியமையாதவர். பந்தியில் மட்டும் அவருக்கு இடம் தள்ளியே போடப்பட்டது. தோட்டத்து லயங்களுக்குக் கப்பலேறி வந்த வழக்கங்களுள் இதுவும் ஒன்று. சீர்திருத்த இயக்கங்கள் சாதியை எதிர்த்தன. 1929இல் பெரியாரின் மலாயா வருகைக்குப் பின் அவ்வெதிர்ப்பு இங்கும் வலுத்தது. அவ்வியக்கங்கள் நினைத்தே பாராத ஒரு துணையாக, இரண்டு விரல் அகலமுள்ள தகடு வந்தது. கண்ணாடிமுன் நின்று தம் கையாலேயே சவரம் செய்துகொள்ளக் கற்ற மனிதர், தீட்டு என்று ஒன்று இருந்தால் அது குப்பைத்தொட்டிக்குள் போயிற்று என்பதையும் தம்மையறியாமல் கற்றுக்கொண்டார். உயிருக்கு உவமையாக நிற்கத் தகுதியற்ற இந்தக் கருவி, மனிதரை மனிதரிடமிருந்து பிரித்த ஒரு பொய்யை அறுப்பதற்கு ஓரளவு பயன்பட்டது என்பது நேர்மையான மதிப்பீடாகும்.

ஆனால் தொடும் பகுதியை எறிந்துவிட்டால் பிடி தூயதாகவே இருக்கிறது என்ற எண்ணம் மனித வாழ்வின் மேல் பாயும்போது அச்சம் தருகிறது. ரப்பர் மரத்தின் பயன்பாட்டுக் காலம் ஏறத்தாழ முப்பது ஆண்டு. அதன்பின் அது வெட்டப்பட்டு மறுநடவு செய்யப்படும், அல்லது செம்பனைக்கு இடம் விடும். தோட்டத்தின் பெயர் மட்டும் மாறாது. மரத்தோடு சேர்த்து மனிதரையும் மாற்றத்தக்க அலகாகக் கணக்கிட்ட நிர்வாக முறையில், பிடி என்பது தோட்டம், முனை மழுங்கியவர் வெளியேற வேண்டியவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளானபோது, வெளியேறியவர்கள் பல இடங்களில் தங்கள் கோயிலையும் எடுத்துச் சென்றார்கள். ஆகம வழக்கில் இதற்கு ஒரு முறை உண்டு. பாலாலயம் எனப்படுவது, திருப்பணியின்போது மூலவரின் ஆற்றலைக் குடத்திலோ மரப்பலகையிலோ ஏற்றித் தற்காலிகமாக வேறிடத்தில் வைத்து, பணி முடிந்ததும் மீண்டும் சிலைக்கு மாற்றுவது. கல்லிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து மீண்டும் கல்லுக்கும் போகும் அந்த ஆற்றல் இரண்டுக்கும் சொந்தமானதன்று. எனினும் கல் வேண்டாம், குடமே போதும் என்று அந்த மக்கள் ஒருநாளும் சொன்னதில்லை. காளியம்மனும் முனியாண்டியும் பழைய தோட்டத்தின் பெயரோடு புதிய நகரின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் கோயில்களில், பிடி போய்விட்டது, அலகு நிற்கிறது என்று கணக்கைத் தலைகீழாக்கிப் படிக்க வேண்டியிருக்கிறது.

மழிக்கப்படும் மயிரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2020இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர், எஃகைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையான மயிர் எவ்வாறு பிளேடை மழுங்கச் செய்கிறது என்பதை நுண்ணோக்கியின்கீழ் ஆராய்ந்து வெளியிட்டனர். முனை சீராகத் தேய்வதில்லை என்பதே அவர்கள் கண்டது. மயிர் வளைந்து சாய்ந்த கோணத்தில் வந்து மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீரற்றிருக்கும் இடத்தில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன. உள்ளே ஒருமை குலைந்த இடத்தில்தான் மென்மையான பொருள் வன்மையானதை உடைக்கிறது. மழித்தலும் வளர்த்தலும் ஆகிய புறக்கோலம் எதுவும் வேண்டாம், உலகம் பழிப்பதை விட்டாலே போதும் என்று திருக்குறள் கூடாவொழுக்கத்தில் சொன்ன இடத்தை இந்த ஆய்வோடு சேர்த்துப் படிப்பவர், வள்ளுவர் ஏன் தலையை விட்டு உள்ளத்தைப் பார்க்கச் சொன்னார் என்பதை வேறொரு கோணத்திலிருந்து உணரக்கூடும்.

சமணத் துறவியர் கத்தியையே ஏற்காமல் மயிரைக் கையால் பறித்தெடுத்தனர்; மாற்றுவதற்கும் தீட்டுவதற்கும் கருவி எதையும் வைத்துக்கொள்ளாத கடுமை அது. பௌத்தமோ நடுவழியை எடுத்து, துறவிக்கு உரிய எட்டுப் பொருள்களுள் மூன்று ஆடை, பிச்சைப்பாத்திரம், இடைக்கச்சு, ஊசி, நீர்வடிகட்டி ஆகியவற்றோடு சவரக்கத்தியையும் சேர்த்தது. கெடாவின் வடபகுதியில் சயாமிய மரபினர் வாழும் ஊர்களின் விகாரைகளில் இன்றும் துறவிகள் முழுநிலவுக்கு முந்திய நாளில் தலையையும் புருவத்தையும் மழித்துக்கொள்கிறார்கள். வினை இல்லாவிடில் பிறவி இல்லை என்று புக்கிட் மெரியாம் கல் கூறும் அறிவை நாடியே அவர்கள் வீட்டை விட்டு வந்தவர்கள். வந்த பின்னும் மயிர் வளர்கிறது, அடுத்த முழுநிலவுக்கு முந்திய நாளில் கத்தி மீண்டும் எடுக்கப்படுகிறது.